கழுத்து மட்டும் பாக்கி

குன்னூரில் எப்சிபா டீச்சரிடம் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டவர்களில் ஒரே ஆண் கதிரேசன். டீச்சருக்கு முப்பத்தொரு வயது, கதிரேசனுக்கு நாற்பத்தேழு. அவர் டீச்சர் என்று கூப்பிடுவார், டீச்சர் அவரை அண்ணே என்பார். இதில் அவர்கள் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. சிரித்தவர்கள் எல்லாம் வெளியே இருந்தவர்கள்தான்.

முதலில் வகுப்புக்கு வந்தவள் அவர் மனைவி சுகந்தி. ஐந்தாம் மாதத்தில் டாக்டர் அவளைப் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். குழந்தை வீட்டுக்கு வரும்போது வீட்டில் பின்னிய கம்பளிக் கவுனில்தான் வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நீங்கள் போய்க் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று கணவனை அனுப்பினாள். கதிரேசன் லேத் பட்டறைக்காரர். இரும்பை மயிரிழை பிசகாமல் கடைகிறவருக்கு இரண்டு ஊசி பெரிய காரியமில்லை.

ஆனால் பிறக்கும் முன் குழந்தைக்கு உடுப்பு செய்யக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதனால் இரண்டு மாதமும் மஃப்ளராகப் பின்னித் தள்ளினார். பட்டறையில் எவன் கழுத்தைப் பார்த்தாலும் அவர் மஃப்ளர்தான்.

பெண் குழந்தை ஏழாம் மாதமே பிறந்தது. ஒரு கிலோ இருநூறு கிராம். ஊட்டி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். சுகந்திக்கு ஆபரேஷன், அதன்மேல் காய்ச்சல். அவளைக் குழந்தையின் பக்கம் விடவில்லை. அன்று சாயங்காலமே கதிரேசன் கவுனைத் தொடங்கினார்.

பதினோராம் நாள் காலை அவர் டீச்சர் வீட்டு வாசலில் நின்றார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார், உடனே எழுந்தார். கையில் பை. பைக்குள் வெள்ளைக் கம்பளியும் முடியாத கவுனும் ஒரு காகிதமும். ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். அப்போது ஏழரைகூட ஆகவில்லை.

"எத்தனை கண்ணி போடணும் டீச்சர்? அதை மட்டும் சொல்லிடுங்க."

டீச்சர் நடந்ததைக் கேட்டார். கதிரேசன் நின்றபடியே சொன்னார். காகிதத்தில் இருப்பது மூன்று கிலோ குழந்தைக்கான கணக்கு, ஊசியில் கோக்கும் எழுபத்தாறு கண்ணி. அதை ஐம்பத்திரண்டாகக் குறைத்துத் தொடங்கினார். மூன்றாம் நாள் எடை ஆயிரத்து நூறுக்கு இறங்கிவிட்டது. முதல் வாரம் இறங்கத்தான் செய்யும், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். அவர் அப்படிச் சொன்னதிலேயே இவருக்குப் பயம் வந்தது. பின்னியதைப் பிரித்து நாற்பத்தெட்டு போட்டார். ஆறாம் நாள் ஐம்பது கிராம் ஏறியது. பிரித்து ஐம்பது போட்டார். ஒன்பதாம் நாள் இன்னும் நூறு ஏறியது. பிரித்து ஐம்பத்துநான்கு. நேற்று இன்னொரு முப்பது கிராம். இப்போது இதையும் பிரிக்க வேண்டும்.

"இறங்குனாலும் பயம், ஏறுனாலும் பயம். அளவு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது டீச்சர். நான் என்ன பண்ணட்டும்?"

டீச்சர் பையை வாங்கிக்கொண்டார். பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தார். பிரித்துப் பிரித்துக் கம்பளி முறுக்கு விட்டுப் போயிருந்தது. காகிதத்தில் பென்சிலால் எழுதி அழித்து எழுதிய இடம் ஓட்டையாகியிருந்தது. டீச்சர் டேப்பை எடுத்துக் கவுனை அளந்தார். பிறகு அலமாரியிலிருந்து கதிரேசன் வகுப்பில் பின்னிய பழைய துண்டு ஒன்றை எடுத்து அதையும் அளந்தார்.

பழைய துண்டில் நாலு அங்குலத்துக்கு இருபத்திரண்டு கண்ணி. கவுனில் அதே நாலு அங்குலத்தில் இருபத்தேழு.

"நீங்க மாத்தினது கணக்கை மட்டும் இல்ல. கையும் இறுகிப்போச்சு. ஐம்பத்துநாலு போட்டும் இது பொம்மைக்குத்தான் பத்தும்."

கதிரேசனுக்கு உயிர் வந்தது. கை இறுகியது ஒரு கோளாறு, கோளாறு என்றால் அதைச் சரிசெய்துவிடலாம். ஊசியை ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் போதுமா, கண்ணியை அறுபதாக்கினால் சரியாகுமா என்று அடுக்கிக்கொண்டே போனார். பென்சிலைத் தேடினார். அது அவர் காதிலேயே இருந்தது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள், அந்தக் கதைதான்.

டீச்சர் இன்னும் காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னி முடித்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோடு போடுவது கதிரேசனின் பட்டறைப் பழக்கம். நாலு தடவைக்கும் நாலு கட்டம். நாலிலும் கீழே பாவாடை, இடுப்பு, மார்பு, இரண்டு தோள் எல்லாம் கோடு போட்டு முடிந்திருந்தது.

"நாலு தடவையும் கழுத்து மட்டும் பாக்கி" என்றார் டீச்சர்.

கதிரேசன் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"கழுத்து அரை மணி நேர வேலை அண்ணே. மூணு தடவை அங்க வந்துதான் பிரிச்சிருக்கீங்க, இப்பவும் அங்கேயேதான் நிக்குது. கவுன் முடிஞ்சா என்ன பண்றதா யார்கிட்ட சொல்லி வெச்சிருக்கீங்க?"

அவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். டீச்சர் பையைத் திருப்பித் தரவில்லை.

கதிரேசன் திரும்பி வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. நாலாம் நாளிலிருந்து நர்ஸ் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்றார். குழந்தையை வெறும் மார்பில் வைத்து அணைத்துக்கொள்ள வேண்டுமாம். அந்தச் சூடு மருந்து மாதிரியாம். அம்மாவால் முடியாதபோது அப்பா செய்ய வேண்டுமாம். கவுன் முடியட்டும் சிஸ்டர், போட்டுவிட்டே தூக்குகிறேன் என்று இவர் தினமும் சொல்லி வருகிறார். வெறும் மார்பில் வைக்கிறதற்குக் கவுன் எதற்கு என்று அந்த நர்ஸ் ஒரு நாளும் கேட்கவில்லை. சுகந்தி மட்டும் தினமும் கேட்கிறாள், தூக்கினீர்களா என்று. நாளைக்கு என்று சொல்கிறார்.

"இன்னும் தொட்டதே இல்லையா?"

"கண்ணாடிக்கு வெளியே நின்னு பார்ப்பேன். எடை என்னன்னு கேட்டுக்குவேன்."

"எதுக்குப் பயம்?"

கதிரேசன் இரண்டு கைகளையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தான் என்றார். டீச்சருக்கு அது தெரியாது. சுகந்தி வகுப்பில் சொன்னதில்லை. அவனும் நாள் நிறையும் முன் வந்தவன். அப்போது இவர்கள் இருந்த ஊரில் கண்ணாடிப் பெட்டி எல்லாம் இல்லை. சுகந்தி மயக்கத்தில் இருந்தாள். துணியில் சுற்றி இவர் கையில் கொடுத்தார்கள். வேறு ஊருக்குக் கொண்டுபோக வண்டி வரும் என்றார்கள். வண்டி வர ஒரு மணி நேரம் ஆனது.

"அதுக்குள்ள போயிட்டான் டீச்சர். என் கையிலதான் போனான். இந்தக் கையால இவளை எப்படித் தொடுவேன்?"

அவர் அழுதார். நாற்பத்தேழு வயது ஆள், கம்பளிப் பந்துக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். எப்சிபா டீச்சருக்கும் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைத் துடைத்துக்கொள்ளாமலே கவுனிலிருந்து ஊசிகளை உருவினார். பிடியில்லாமல் கண்ணிகள் திறந்து நின்றன. கவுனையும் கம்பளியையும் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"எத்தனை கண்ணின்னு சொல்லாமலே பூட்டிட்டீங்களே" என்றார் கதிரேசன்.

"அந்த ஒரு மணி நேரம் உங்க கை என்ன பண்ணிட்டிருந்துச்சு அண்ணே?"

"பிடிச்சிட்டு இருந்துச்சு. வேற என்ன பண்ணும்?"

"ஒரு தடவைகூடக் கீழ வைக்கலையா?"

"எப்படி வைக்க முடியும்? குளிர்ல நடுங்கிட்டு இருந்தான். சட்டைக்குள்ள வெச்சு அணைச்சுக்கிட்டேன்."

டீச்சர் காலிப் பையை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"அவனுக்கு ஒரு மணி நேரம் அப்பா இருந்தாரு. இவளுக்குப் பதினோரு நாளா யாரும் இல்ல."