டாக்டர் கையும் தயிர்ச்சாதமும்

வெள்ளைக்காரன் காலத்தில், சென்னையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே பிள்ளை பெற்ற பெண்கள் ஜுரம் கண்டு வரிசையாகச் செத்தார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்றார் பெரிய டாக்டர் ரங்கவதனம். லண்டனில் படித்தவராயிற்றே, யார் மறுத்துப் பேசுவது?

காலையில் பிணத்தை அறுத்துப் பாடம் நடத்துவார். அந்தக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, மாணவர்களோடு நேரே பிரசவம் பார்க்க வருவார். அன்று வலியோடு கிடந்தவள் வார்டு ஆயா சவரியம்மாளின் மகள்.

"கையைக் கழுவிட்டுத் தொடுங்கய்யா" என்று சவரியம்மாள் குறுக்கே நின்றாள்.

"எழுத்து தெரியாதவ எனக்குப் பாடம் சொல்றியா? என் கை அழுக்குன்னு இந்த மாணவர்கள் முன்னாடி நிரூபி. இல்லேன்னா மகளைத் தூக்கிட்டு வெளியே நட!"

சவரியம்மாள் டாக்டர் வீட்டிலிருந்து வந்திருந்த சாப்பாட்டுத் தூக்கை எடுத்து மேஜையில் வைத்தாள். "வலி இன்னும் முத்தலைங்கய்யா. அதுக்குள்ள தயிர்ச்சாதம் ரெண்டு வாய் சாப்பிட்டுடுங்க."

டாக்டருக்கும் பசிதான். உட்கார்ந்தவர், "கை கழுவத் தண்ணி எங்கே?" என்று அதட்டினார்.

"சுத்தமான கைக்கு எதுக்குங்கய்யா தண்ணி?"

"பிணத்தைத் தொட்ட கையால எவனாவது சாப்பிடுவானா, மடச்சி!"

மாணவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

"நிரூபிச்சாச்சு, அதுவும் உங்க வாயாலேயே. தயிர்ச்சாதத்துக்குக் குடுக்கிற மரியாதையை என் மகளுக்கும் குடுங்க" என்று சவரியம்மாள் தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவர் கையில் சாய்த்தாள். டாக்டர் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார்.

பத்தாம் நாள் தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினார்கள். அதற்குள் வார்டு வாசலில் ஒரு பலகை ஏறியிருந்தது: "கை கழுவாமல் உள்ளே வரக் கூடாது. இம்முறையைக் கண்டுபிடித்தவர் டாக்டர் ரங்கவதனம், லண்டன்."