புளித்தண்ணீர் குடித்த நீலத்துணி

முன்னொரு காலத்திலே, நண்டுகளுக்கும் பேச்சு வந்த காலத்திலே, நெய்தலூர் என்றொரு கடற்கரை ராஜ்யம். அங்கே மீன்குழம்புக் கடை வைத்திருந்தாள் சிலம்பாயி. ஒருநாள் வலையில் சிக்கிய ஒரு நண்டை அவள் எடுத்துவிட, அது ஒரு நீலத்துணியைக் கொடுத்தது.

"இதை மீன்மேல் போர்த்து, தாயே. நீலம் என்றால் ஆக்கு. பச்சை என்றால் யோசி. மஞ்சள் என்றால் கொட்டு."

அப்படியே செய்தாள். துணியைக் கடைவாசலில் தொங்கவிடுவாள். நீலத்தைப் பார்த்தே ஊர் இலை போட்டு உட்கார்ந்தது.

ஒருமுறை அடைமழை. கடைக்கு ஆளில்லை. மறுநாள் பார்த்தால் கூடை நிறைய மீன், துணியோ மஞ்சள். கொட்ட மனசு வரவில்லை. சமைக்கிற கையல்லவா, தானாகப் புளிச்சட்டிக்குப் போனது. துணியில் புளித்தண்ணீரைப் பிழிந்தாள். மஞ்சள் ஓடிப்போய் நீலம் திரும்பியது. மீதிப் புளி குழம்புக்கு.

முதலில் வந்தவள் நிறைமாசக்காரி முத்தரசி, பக்கத்து வீட்டுப் படகோட்டியின் பெண்டாட்டி. "நீலமா இருக்கே, இன்னும் ரெண்டு துண்டு வைங்க மதினி" என்று கேட்டு வாங்கித் தின்றாள்.

உச்சிப்பொழுதுக்குள் மயங்கி விழுந்தாள்.

வேறு யாரும் தின்னுமுன் சிலம்பாயி ஓடிப்போய் மிச்சக் குழம்பைக் கடலில் கொட்டினாள். திரும்பி வந்தபோது வைத்தியர் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆச்சு இவளுக்கு?"

"மழையில நனைஞ்சா, ஐயா" என்றாள் சிலம்பாயி. சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். முத்தரசி எழவில்லை. சிலம்பாயியின் விரல்களில் மஞ்சள் ஏறியது. கையை முந்தானைக்குள் ஒளித்தாள்.

"வேற ஏதாவது?"

"பலாச்சுளை நிறையத் தின்னா." அதற்கும் ஒரு மருந்து கொடுத்தார்கள். எழவில்லை. மஞ்சள் முழங்கைக்கு வந்தது.

"வேற?"

"கண்ணு பட்டிருக்கும்." மிளகாய் சுற்றிப் போட்டார்கள். எழவில்லை. மஞ்சள் கழுத்தைத் தொட்டது. முந்தானை போதவில்லை.

அப்போது முத்தரசியின் தலைமாட்டில் இருந்த படகோட்டி சிலம்பாயி பக்கம் திரும்பினான். "அக்கா, அவ முழிச்சா உங்க குழம்பைத்தான் கேப்பா. கொஞ்சம் எடுத்து வையுங்க."

சிலம்பாயிக்கு நிலம் பிளந்தால் தேவலை என்றிருந்தது. கைகளை வெளியே எடுத்தாள்.

"குழம்புதான் ஐயா. மீன் கெட்டிருந்துச்சு. துணி மஞ்சளாத்தான் சொல்லுச்சு. நான்தான் புளியை ஊத்தி நீலமாக்கினேன்."

வைத்தியர் வேறு மூலிகையை அரைத்தபடி சொன்னார்: "முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு நேரம் வீணாகியிருக்காது."

மருந்து உள்ளே போனது, விஷம் வெளியே வந்தது. முத்தரசி கண் திறந்தாள். வயிற்றுப் பிள்ளை ஓர் உதை விட்டது. சிலம்பாயியின் கழுத்திலிருந்து மஞ்சள் இறங்கி, விரல் நுனியில் சொட்டிக் காணாமல் போனது.

கடையைச் சாத்திவிட்டு அவள் நாள் கணக்காக வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். ஒருநாள் பச்சைப்பிள்ளையோடு கதவைத் தட்டியவள் முத்தரசிதான்.

"அடுப்பு எப்ப பத்தவைக்கப் போறீங்க? இன்னும் ஏன் கையை ஒளிக்கிறீங்க? மஞ்சள்தான் போயிருச்சே."

"உங்க கண்ணுக்குப் போயிருச்சு. என் கண்ணுக்குத் தெரியுதே."

"அப்ப நல்லது" என்றாள் முத்தரசி. "இனிமே துணியைப் பாக்காமலே சாப்பிடுவேன்." பிள்ளையைச் சிலம்பாயி மடியில் போட்டுவிட்டு அடுப்பை ஊதப் போனாள்.

அதற்கப்புறம் நெய்தலூரில் யாருக்கும் வயிறு வலிக்கவில்லை. கதை கேட்ட உங்களுக்கும் வலிக்காமல் இருக்கட்டும்.