மயிலம்மா சொல்லாத பெயர்

"உன் பேரை எப்பவோ சொல்லியாச்சு தம்பி! முறை வரவேண்டாமா? அடுத்த மழை வரைக்கும் பொறு" என்றது மயில்.

செவலை என்ற கீரிக்கு வால் சிலிர்த்துக்கொண்டது. "போன மழைக்கும் இதையேதான் சொன்னீங்க மயிலம்மா!"

பிள்ளைகளே, அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆற்றின் அக்கரையிலிருந்து பிழைக்க வரும் விலங்கு, வேலை இருக்கும்வரைதான் அங்கே தங்கலாம். சொந்தமாக வளை தோண்டவோ, குடும்பத்தை அழைத்துவரவோ முடியாது. அதற்கு, வேலை கொடுத்தவர் நீர்த்துறையில் யானைகள் முன் நின்று, "இவன் நம்ம ஆள்" என்று அதன் பெயரைச் சொல்ல வேண்டும். முறை வரும்போது பெரிய யானை தும்பிக்கையால் அதை முகரும். அப்புறம் அதை யாராலும் விரட்ட முடியாது.

செவலை மயிலின் முட்டைகளைப் பாம்புகளிடமிருந்து காத்துவந்தது. அதன் மனைவியும் குட்டிகளும் அக்கரைப் பொட்டலில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

அன்று முள்ளம்பன்றி வந்தது. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத ஆள்.

"டேய் கீரி, என் கிழங்கையெல்லாம் எலி தின்னுது. வேலைக்கு வர்றியா? இங்கே மாதிரி மெத்தைப் புதர் எல்லாம் கிடையாது. கல்லுத்தரைதான். சாப்பாடும் கொஞ்சம் கம்மி. ஆனா வர்ற அன்னிக்கே யானைகிட்ட உன் பேரைச் சொல்லிடுவேன்."

செவலை கணக்குப் போட்டுப் பார்த்தது. இங்கே வயிறு நிறைகிறது, படுக்க மெத்தென்ற இடமும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, வரிசையில் ஓர் இடம் இருக்கிறது. போய்விட்டால் அது போச்சு. மறுபடி கடைசியில் நிற்க வேண்டும்.

மயில் இதைக் கேட்டு இறகைச் சிலுப்பியது. "போனா உன் முறை போயிடும். யோசிச்சுக்கோ. யானைகிட்டே போய் ஏதாவது கேட்டு வைக்காதே. முகராத ஆளைக் கண்டா அதுங்க மிதிச்சுடும்!"

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் செவலை நேரே நீர்த்துறைக்குப் போய்ப் பெரிய யானையின் காலடியில் நின்றது.

"நான் செவலை, மயிலம்மாவிடம் வேலை பார்க்கிறேன். என் முறை எப்போ வரும்?"

யானை காதை ஆட்டி யோசித்தது. "செவலையா? அப்படி ஒரு பேரை யாரும் சொல்லலையே!"

"மயிலம்மா எப்பவோ சொல்லிட்டாங்களாமே?"

"மயில் தினமும் இங்கே தண்ணி குடிக்க வருது. தன் அழகைப் பத்திப் பேசும். வேற எதுவும் பேசினதில்லை. எங்களுக்கு ஒரு பேரைக் கேட்டா மறக்காது."

யானை மிதிக்கவில்லை. செவலைக்குத்தான் எதையாவது மிதிக்க வேண்டும் போல இருந்தது.

திரும்பி வந்து மயிலின் எதிரில் நின்றது. "ஏன் சொல்லலை?"

மயில் இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. "சொன்னா நீ சொந்த வளை தோண்டிக்கிட்டுப் போயிடுவே. அப்புறம் என் முட்டையை யாரு காப்பாத்துறது?"

"அதுக்காக என் குட்டிங்க அங்கே கிடந்து காயணுமா?"

"கோவிச்சுக்காதே கண்ணு! சாப்பாடு இன்னும் அதிகம் தர்றேன். நாளைக்கே யானைகிட்ட வர்றேன், சத்தியமா! இன்னிக்கு மட்டும் அந்தப் புதரடியில உட்காரு. பாம்பு வந்தா நான் என்ன செய்வேன்?"

"உங்களுக்கும் அலகு இருக்கு, நகம் இருக்கு. பாத்துக்கோங்க!"

மேட்டில் முள்ளம்பன்றி காத்திருந்தது. "என்னடா, வரிசையில கடைசியாத்தான் நிப்பே. சம்மதமா?"

"கடைசியோ முதலோ, வரிசையில நிக்கிறேன் இல்ல? நடங்க."

இரண்டும் நீர்த்துறைப் பாதையில் இறங்கின. "உட்காரு தம்பி! உட்காருடா!" என்று பின்னால் மயில் அகவிக்கொண்டே இருந்தது. செவலை உட்காரவில்லை.

நீதி: வாக்கைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவருக்கு, நீ காத்திருப்பதில்தான் லாபம்.