பெட்டி மாறிய சீட்டு

தப்பில் பாதி எங்கள் உபதேசியாருடையது, பாதி என்னுடையது. அதனால் இதைச் சொல்ல எனக்குப் பாதி உரிமையாவது உண்டு.

எங்கள் எஸ்டேட் கோயில் வாசலில் இரண்டு மரப்பெட்டிகள் இருக்கும். இடப்பக்கம் விண்ணப்பப் பெட்டி, வலப்பக்கம் ஸ்தோத்திரப் பெட்டி. கஷ்டத்தில் இருப்பவர்கள் துண்டுச் சீட்டில் எழுதி இடப்பக்கம் போடுவார்கள். கஷ்டம் தீர்ந்தவர்கள் நன்றி எழுதி வலப்பக்கம் போடுவார்கள். ஞாயிறு ஆராதனையில் விண்ணப்பங்களை உபதேசியார் வாசிப்பார். ஸ்தோத்திரச் சீட்டுகளைச் சபைச் செயலர் வாசிப்பார். ஒவ்வொரு சீட்டுக்கும் சபை முழுதும் "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகச் சொல்லும்.

அந்தச் செயலர் நான்தான். பெயர் பாக்கியநாதன். டீ பாக்டரியில் கொழுந்து எடை போடும் வேலை. வாய் கொஞ்சம் நீளம், அதை என் வீட்டுக்காரியே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

உபதேசியார் பெயர் ஏசுவடியான். ஐம்பத்து நாலு வயது. முப்பது வருஷம் என்னோடு பாக்டரியில் கிடந்துவிட்டு, போன வருஷம்தான் போதகருக்கு உதவியாகக் கோயில் ஊழியத்துக்கு வந்தார். எங்கள் போதகர் ஹெப்சிபா அம்மாவுக்கு முப்பத்தேழு. தினமும் சாயங்காலம் இவர் நோட்டும் பேனாவுமாகப் போய் அந்த அம்மா முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்பார்.

"ஏன்யா, வயசுல சின்னப் பொண்ணுகிட்டப் போய்க் கைகட்டி உட்கார வெக்கமா இல்ல?" என்று சீண்டுவேன்.

"வெக்கப்பட்டா பாடம் ஏறாதுல்ல?" என்பார்.

அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. அவரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, ஏதாவது வேலைதான் வரும்.

அன்றைக்கு மூன்று நாள் மழைக்குப் பிந்திய ஞாயிறு. மலையில் கரண்ட் இல்லை, டவரும் இல்லை. ஒன்பது மணி ஆராதனைக்கு உபதேசியார் நனைந்தபடி வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. மழைதானே என்று நான் கண்டுகொள்ளவில்லை.

விண்ணப்பங்களை அவர் வாசித்தார். நாலே சீட்டு. வாசித்துவிட்டு, இன்னொன்று இருக்க வேண்டும் என்பதுபோல் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. அவர் முகம் வெளுத்தது. நான் அதையும் கண்டுகொள்ளவில்லை.

என் முறை வந்தது. இரண்டாவது சீட்டே அவர் கையெழுத்து. 'ஜெமிமா. தாயும் பிள்ளையும்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது.

ஜெமிமா அவருடைய ஒரே மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். எட்டாம் மாதம் என்று சொன்ன ஞாபகம். கொஞ்சம் முந்திக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வலப்பக்கப் பெட்டியில் கிடந்த சீட்டுக்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? மீதியை என் வாயே நிரப்பியது.

"நம்ம உபதேசியார் மகள் ஜெமிமாவுக்குச் சுகப்பிரசவம்! தாயும் பிள்ளையும் நலம்!"

"ஸ்தோத்திரம்!" என்று கூரை அதிர்ந்தது. பெண்கள் பக்கத்தில் கைதட்டலே வந்துவிட்டது. "பேரனா பேத்தியா, உபதேசியாரே?" என்று யாரோ கேட்டார்கள்.

ஏசுவடியான் எழுந்தார். எழுந்த வேகத்தில் பெஞ்சு சாய்ந்தது.

"இல்ல" என்றார். "இல்ல, இல்ல."

நேராகப் பீடத்துப் பக்கம் போய், அம்மா முன்னால் நின்று குழறிக் குழறிச் சொன்னார். விடியற்காலை ஐந்து மணிக்கு ஜெமிமாவுக்கு ரத்தம் போக ஆரம்பித்திருக்கிறது. எஸ்டேட் ஆம்புலன்ஸ் வந்து அவளையும் அவள் அம்மா வயலட் அக்காவையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கியிருக்கிறது. கூட ஒருவருக்குத்தான் இடம். முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று இவர் பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறார். பஸ் வரவில்லை. ஒன்பதாம் வளைவில் மண் சரிந்து ரோடு மூடிவிட்டது என்று லாரிக்காரன் ஒருவன் சொல்லிப் போனானாம். எத்தனை மணிக்குச் சரிந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஏன் உபதேசியாரே யாருகிட்டயும் சொல்லல?" என்று கேட்டார் அம்மா.

"போன வாரம் நான்தானே இந்த இடத்துல நின்னு பயப்படாதீங்கன்னு பேசினேன்? இந்த வாரம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்ல? சீட்டு எழுதினேன். பிழைக்கணும்னு எழுதப் போனேன், கை நின்னுபோச்சு. எழுதிட்டு நடக்காமப் போயிட்டா? அதான் பாதியில விட்டேன். கைநடுக்கத்துல பெட்டியும் மாறிப்போச்சு." அவர் அழுதார். "இப்ப நடக்காததுக்கு நன்றி சொல்லியாச்சு. இனிக் கேட்டா மட்டும் கிடைக்குமா?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அம்மா" என்றார் அவர், முகத்தைத் துடைக்காமல். "கர்த்தர் மேல விசுவாசம் இருக்கு. பொய் சொல்லல, இப்பவும் இருக்கு. நல்லபடியா முடியும்கிற நம்பிக்கைதான் போச்சு. அதுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க."

ஹெப்சிபா அம்மா சபைப் பக்கம் திரும்பினார்.

"ஒரு திருத்தம்" என்றார். "செக்ரட்டரி வாசிச்சது தப்பு. ஜெமிமா உயிருக்குப் போராடிட்டு இருக்கா. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாளான்னே தெரியல. இன்னைக்குப் பிரசங்கம் கிடையாது."

வெள்ளை அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டார். செருப்பை மாட்டினார்.

முன்வரிசையில், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் தேவசகாயம் எழுந்தார். அவருக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். "ஆசீர்வாதம் கூறாம எப்படிம்மா பாதியில போறது?"

"பாதியில நிக்குற ஆளு இங்க ஒருத்தர் இருக்காரே ஐயா" என்றார் அம்மா. "நீங்க ஜெபம் பண்ணிட்டு இருங்க." அப்புறம் ஏசுவடியான் பக்கம் திரும்பி, "நடங்க" என்றார்.

"எங்கம்மா?"

"ஒன்பதாம் வளைவுக்கு."

நானும் பின்னாலேயே ஓடினேன். அத்தனை பெரிய வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடவா முடியும்?

கோயிலிலிருந்து ஒன்பதாம் வளைவு நாலு மைல். மழை விட்டுவிட்டுப் பெய்தது. ரோட்டில் தேயிலைச் செடிகள் வேரோடு வந்து கிடந்தன. முதல் மைல் தாண்டியதும் ஏசுவடியான் ஆரம்பித்தார்.

"அஞ்சரைக்கு வண்டி கிளம்புச்சு. ஒன்பதாம் வளைவுக்கு ஆறு, ஆறேகால் ஆகியிருக்கும். அந்த நேரத்துக்கே சரிஞ்சிருந்தா?"

"தெரியல" என்றார் அம்மா.

"வண்டி மேலேயே விழுந்திருந்தா?"

"தெரியல, உபதேசியாரே."

"ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு சொல்லுங்கம்மா."

"சொல்லணும் போலத்தான் இருக்கு."

"அப்பச் சொல்லுங்களேன்!"

"எனக்குத் தெரியாததை எப்படிச் சொல்ல?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் முப்பது வருஷத்தில் பார்க்காத கோபம். நடுரோட்டில் நின்றுவிட்டார்.

"ஊருக்கெல்லாம் சாவு வீட்டுல போய் ஆறுதல் சொல்றீங்க. எனக்கு ஒரு வார்த்தை வராதா? ஒண்ணும் சொல்லாம எதுக்கு என்கூட வர்றீங்க?"

"நீங்க தனியாப் போகக் கூடாதுன்னுதான்."

"உங்களுக்கு என்னம்மா, பயமில்ல, நடக்கறீங்க."

அம்மா தன் கையை நீட்டிக் காட்டினார். குடையோடு சேர்ந்து கை வெடவெடவென்று ஆடியது. குளிர் என்று சொல்லிவிடலாம்தான். குளிர் இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"ஜெமிமாதான் எனக்கு முதல்ல இந்தச் சபைப் பாட்டெல்லாம் கத்துக் கொடுத்த பொண்ணு, இந்த ஊருக்கு நான் வந்தப்ப" என்றார் அம்மா. "ஆராதனை முடியட்டும்னு என்னால அங்க நின்னுட்டு இருக்க முடியல. நடந்தா கொஞ்சம் மூச்சு விட முடியுது. நடக்கலாமா?"

ஏசுவடியான் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் குரல் இறங்கியது.

"அம்மா, அத்தனை பேரும் ஸ்தோத்திரம்னு சொன்னாங்களே. அது பொய்யாப் போயிடுமா?"

"யாருக்குச் சொன்னாங்க?"

"கர்த்தருக்கு."

"பெட்டி மாறினது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நம்ம செக்ரட்டரிக்குத்தான் தெரியல."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏசுவடியான் உதட்டில் ஏதோ அசைந்தது. உடனே அடங்கியும் போனது.

ஏழாம் வளைவு தாண்டியதும் கீழே கூச்சல் கேட்டது. அவர் ஓட ஆரம்பித்தார். வயசுக்கு மீறிய ஓட்டம். சறுக்கி விழுந்து எழுந்து மறுபடி ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

ஒன்பதாம் வளைவில் ரோடே இல்லை. சிவப்பு மண்ணும் பாறையும் இரண்டு பெரிய மரமும் குவிந்து கிடந்தன. ஒரு ஆம்புலன்ஸ் என்ன, தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயன் வீட்டு வரிசையே அதற்கு அடியில் இருந்தாலும் தெரியாது. ஏசுவடியான் கைகளால் மண்ணைத் தோண்டத் தொடங்கினார். "ஜெமி, ஜெமி" என்று சொல்லிக்கொண்டே தோண்டினார். நான் அவரைப் பிடித்து இழுத்தேன். என்னைத் தள்ளிவிட்டார். அம்மா அவரை இழுக்கவில்லை. பக்கத்தில் முட்டிபோட்டுத் தானும் தோண்டினார்.

மண்மேட்டின் மேலே மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு ஆள் தலை தெரிந்தது. ரோடு வேலைக்காரர், மறுபக்கத்திலிருந்து ஏறி வந்திருந்தார்.

"யோவ்! மண்ணு இன்னும் இறங்குது, தள்ளிப் போங்க!"

"ஆம்புலன்ஸ்!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "காலையில ஒரு ஆம்புலன்ஸ் இறங்குச்சே!"

"அது போயிடுச்சுய்யா! கீழ செக்போஸ்ட்டுல ஆறரைக்கே எழுதியிருக்கு. மண்ணு விழுந்தது ஏழு மணிக்கு!"

ஏசுவடியான் நாலடி பின்னால் வந்து அப்படியே ரோட்டில் உட்கார்ந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

"இங்க டவர் கிடைக்கும்" என்றார் அவர். "அந்தக் கல்லு மேல ஏறி நின்னு பாருங்க."

ஏசுவடியான் போனை எடுத்தார். விரலெல்லாம் மண். அழுத்த முடியவில்லை. அம்மாவிடம் நீட்டினார். அம்மா கல்லின் மேல் ஏறி வயலட் அக்காவுக்குப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைத் திறந்தார். ஆறேழு முறை மணி அடித்தது. அந்த நேரம் ஏசுவடியான் காதைப் பொத்திக்கொண்டார்.

"எங்கய்யா போனீங்க?" என்று வயலட் அக்கா அழுதார். "எத்தனை தடவை அடிக்க! ஜெமிக்கு ஆபரேஷன் பண்ணிட்டாங்க. நாலு பாட்டில் ரத்தம் ஏத்தியிருக்கு. கண்ணு முழிச்சிட்டா. உங்களைத்தான் கேட்டா."

"பிள்ளை?" என்றார் ஏசுவடியான். அது போனுக்கு எட்டவில்லை. அம்மாதான் மறுபடி கேட்டார். "பிள்ளை எப்படி இருக்குக்கா?"

"ஆம்பளப் பிள்ளை. ஒண்ணேகால் கிலோதான். கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. மூச்சுக்குக் குழாய் போட்டிருக்கு. இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டோம், மூணு நாள் போகட்டும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

லைன் அறுந்தது. அம்மா திரும்பத் திரும்ப முயற்சி செய்தார். கிடைக்கவில்லை.

மகள் பிழைத்துவிட்டாள். அதற்காவது அந்த மனுஷன் சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு நாளா?" என்றார். "இந்த நாலு மைலுக்கே என் உசுரு போயிடுச்சு. மூணு நாள் நான் எதைப் பிடிச்சிட்டு இருப்பேன்? அம்மா, இப்பவாவது ஒரு வார்த்தை சொல்லுங்க. பிள்ளை பிழைச்சிடும்னு சொல்லுங்க."

ஹெப்சிபா அம்மா கல்லிலிருந்து இறங்கினார். அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. மழை அப்போது பெய்யவில்லை.

"இயேசு செத்த வெள்ளிக்கிழமை சிலுவையடியில இருந்து சீஷங்க வீட்டுக்குப் போனாங்களே, அவங்களுக்கும் மூணாம் நாள் என்ன ஆகும்னு தெரியாது, உபதேசியாரே. கதவைச் சாத்திக்கிட்டு, பயந்து அழுதுக்கிட்டு, ஒண்ணாத்தான் உட்கார்ந்திருந்தாங்க. கொஞ்சம் தள்ளிக்கோங்க, நானும் உட்கார்றேன்."