ஒன்பதாம் மாதக் கஷாயம்

குருவுக்கு நாற்பது வயது ஆகவில்லை. சிஷ்யைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அதனால் குரு சிஷ்யையை அக்கா என்று கூப்பிட்டாள். சிஷ்யை குருவை அம்மா என்று கூப்பிட்டாள். இருவருக்கும் அதில் சங்கடம் ஒன்றுமில்லை.

குருவின் பெயர் நாச்சியார். மலையடிவாரத்து ஊர்களுக்கெல்லாம் அவள்தான் மருத்துவச்சி. ஆஸ்பத்திரிக்கென்று வண்டி கட்டிக் கிளம்பினால் பாதி வழியிலேயே பிள்ளை பிறந்துவிடும், அவ்வளவு தூரம். நிறைமாதக்காரிகள் காலையில் ஆற்றோரம் இருந்த அவள் வீட்டுக்கு நடந்துவந்து குறுந்தொட்டி வேர்க் கஷாயம் குடித்துவிட்டுப் போவார்கள். இடுப்புக்குப் பலம், வலி வரும்போது உடம்பு இளகிக் கொடுக்கும் என்று ஒரு நம்பிக்கை.

அந்தக் கஷாயத்தைக் காய்ச்சியவள் சிஷ்யை அங்கம்மாள்.

அங்கம்மாளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் இருந்தவரை அது ஒரு குறையாக இருந்தது. அவர் போன பிறகு அதுவே அவளுடைய பெயர் ஆகிவிட்டது. வளைகாப்பு நடக்கிற வீட்டு வாசலை அவள் தாண்டியதில்லை. பிரசவம் பார்க்கக் கற்றுக்கொள்கிறேன் என்று அவள் வந்து நின்றபோது ஊர் சிரித்தது. நாச்சியார் சிரிக்கவில்லை.

"அடுப்புப் பக்கத்துல பொறுமையா உட்காருவீங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து அடுப்புதான். வேரை மண் போக அலச வேண்டும். நசுக்கிச் சட்டியில் போட்டு, தண்ணீர் நாலில் ஒரு பங்காக வற்றும்வரை தீயைக் கூட்டாமல் குறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வடிகட்டிச் சீரகப் பொடியும் கருப்பட்டியும் சேர்க்க வேண்டும். ஒரு வருஷம் இப்படியே போயிற்று.

"பிரசவம் பார்க்க எப்பம்மா கத்துத் தருவீங்க?"

"இதுவும் அதுல சேர்ந்ததுதானே அக்கா."

அங்கம்மாளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

சில பெண்கள் அவள் நீட்டும் டம்ளரை வாங்கத் தயங்குவார்கள். பெறாதவள் கை. நாச்சியார் வந்து அதே டம்ளரை நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள். அங்கம்மாள் அதைப் பார்க்காததுபோல விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருப்பாள்.

பூரணம் தயங்கவில்லை. சுண்ணாம்புக் காளவாசலில் வேலை பார்க்கும் இருளப்பனின் பெண்சாதி அவள். முதல் இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது ஒன்பதாம் மாதம்வரை வந்துவிட்டது. இவளாவது கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாமா என்று அங்கம்மாளே நினைத்தாள். அவளோ நேரே அடுப்படிக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"உங்க கையாலேயே ஆத்திக் கொடுங்க பெரியம்மா."

முகத்தைச் சுளித்து ஒரே மூச்சில் குடிப்பாள். பிறகு வயிற்றைத் தட்டுவாள். "உனக்கும் சேர்த்துத்தான் குடிச்சேன். கசக்குதுன்னு உதைக்காதே."

ஒருநாள் கேட்டாள். "இதைக் குடிச்சா வலிக்காதா பெரியம்மா?"

"பூ உதிர்ற மாதிரிப் பிறக்கும் பாரு" என்றாள் அங்கம்மாள்.

பூரணம் போன பிறகு நாச்சியார் சொன்னாள். "அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் அக்கா."

"பயந்துபோய்க் கிடக்கா. ஒரு தைரியத்துக்குச் சொன்னேன்."

"தெரியாததைச் சொல்லிட்டீங்க."

அடுத்த வாரத்தில் ஒரு காலை பூரணம் தாமதமாக வந்தாள். கஷாயம் கேட்கவில்லை.

"நேத்துலேருந்து ஒரே தூக்கம் பெரியம்மா. சோம்பேறி. தட்டித் தட்டிப் பார்த்துட்டேன், எழுந்திருக்கவே மாட்டேங்குது."

நாச்சியார் வேர் நசுக்கிக்கொண்டிருந்த கல்லை வைத்துவிட்டு எழுந்தாள். பூரணத்தை உள்ளே கூட்டிப்போய் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். குளிர்ந்த தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தாள். கையை வயிற்றில் வைத்துக் காத்திருந்தாள். பிறகு காதை வைத்தாள். ஒரு பக்கம் கேட்டாள், மறுபக்கம் கேட்டாள், தொப்புளுக்குக் கீழே கேட்டாள். வெளியே கோழி ஒன்று கொக்கரித்தபோது அங்கம்மாள் ஓடிப்போய் அதை விரட்டிவிட்டு வந்தாள்.

நாச்சியார் நிமிர்ந்து பூரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூரணம், பிள்ளை போயிருச்சு."

பூரணம் அவளையே பார்த்தாள்.

"இன்னொரு தடவை கேளுங்க."

நாச்சியார் மறுபடியும் காதை வைத்தாள். நிமிர்ந்தாள்.

"இன்னொரு தடவை."

மறுபடியும் குனிந்தாள். எத்தனை தடவை சொன்னாலும் அவள் குனிந்திருப்பாள். கடைசியில் பூரணமே அவள் தலையில் கைவைத்து, "போதும்" என்றாள்.

அங்கம்மாள் கொல்லைக்குப் போனாள். அடுப்பிலிருந்த சட்டியைத் துணியால் பிடித்து இறக்கினாள். வாழைமரத்தடியில் கொட்டப் போனபோது பின்னால் நாச்சியாரின் குரல் கேட்டது.

"என்ன செய்றீங்க அக்கா?"

"இனிமே இது யாருக்கும்மா?"

"பெறப்போறவளுக்கு."

"பிள்ளை போயிருச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பிள்ளை போயிருச்சு. பிரசவம் எங்கே போச்சு?"

அங்கம்மாள் சட்டியோடு நின்றாள். சூடு துணியைத் தாண்டி விரலைச் சுட்டது. திரும்பிப்போய் அடுப்பில் வைத்தாள்.

மத்தியானம் இருளப்பன் வந்தான். காளவாசலிலிருந்து ஓடிவந்தவன், தலையெல்லாம் வெள்ளைத் தூசி. பூரணத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து அடுப்பைக் காட்டிக் கேட்டான்.

"இந்தத் தண்ணியாலதானாம்மா?"

"நான் பார்த்த அளவுல இதனால யாருக்கும் இப்படி ஆனதில்லை" என்றாள் நாச்சியார். "ஆனா பிள்ளை ஏன் போச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியலை தம்பி."

அவன் சண்டைக்கு வருவான் என்று அங்கம்மாள் பயந்தாள். அவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அவன் போன பிறகு அங்கம்மாள் சொன்னாள். "இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொல்லியிருக்கலாமே. அவன் மனசு ஆறியிருக்குமே."

நாச்சியார் குனிந்து அடுப்புத் தீயைப் பார்த்தாள்.

"அவன் கஷாயத்தைக் கேட்டான். நான் என் கையைக் கேட்கிறேன்." அங்கம்மாள் கையை விரித்து நீட்டினாள். "ஊரே வாங்கத் தயங்குற கை. அவ ஒருத்திதான் வேணும்னு வாங்கிக் குடிச்சா. இதனாலதானா? சொல்லிடுங்கம்மா. நான் போயிடுறேன்."

நாச்சியார் ஊதுகுழலை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"தீ தணியுது அக்கா. ஊதுங்க."

வலி உடனே வந்துவிடவில்லை. பூரணம் அங்கேயே தங்கினாள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அங்கம்மாள் டம்ளரைக் கொண்டுபோனால் திரும்பமாட்டாள்.

"எனக்கு வேண்டாம். நானும் அதுகூடவே போயிடுறேன்."

அங்கம்மாள் நாச்சியாரிடம் வந்து நின்றாள். "குடிக்க மாட்டேங்கிறா. என்ன சொல்லிக் கொடுக்கிறது?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? ஆறினா சுட வச்சுக் கொண்டுபோங்க."

அங்கம்மாள் அப்படியே செய்தாள். தலைமாட்டில் வைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். டம்ளர் ஆறிப்போனால் எடுத்துப்போய்ச் சுடவைத்துக் கொண்டுவருவாள். காலையில் வைத்ததை வெயில் ஏறியபோது சுடவைத்தாள். வெயில் இறங்கியபோது மறுபடியும் சுடவைத்தாள். மாலை வெளிச்சம் ஜன்னல் வழியே சுவரில் விழுந்த நேரத்தில் பூரணம் கேட்டாள்.

"எத்தனை தடவைதான் சுட வைப்பீங்க பெரியம்மா?"

"ஆறுற தடவையெல்லாம்."

பூரணம் திரும்பினாள். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். முகத்தைச் சுளிக்காமல், நிறுத்தி நிறுத்திக் குடித்தாள். குடித்துவிட்டு வழக்கம்போலக் கை வயிற்றுக்குப் போனது. பாதியில் நின்றது.

அங்கம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டொரு நாளில் விடியும்போது வலி கண்டது. நாச்சியார் அங்கம்மாளை முதல்முறையாகப் பிரசவ அறைக்குள் கூப்பிட்டாள்.

"முதுகுப் பக்கம் உட்காருங்க அக்கா. அவ சாஞ்சுக்கட்டும்."

வெயில் உச்சிக்கு ஏறும்வரை அங்கம்மாள் அசையவில்லை. பூரணத்தின் வியர்வை அவள் புடவையை நனைத்தது. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் பூரணம் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"பூ உதிர்ற மாதிரின்னீங்களே பெரியம்மா."

"தெரியாம சொல்லிட்டேன் தாயி."

பூரணம் அவள் முன்கையைப் பற்றிக்கொண்டாள். அடுத்த வலியில் நகம் பதிந்தது. அங்கம்மாள் கையை எடுக்கவில்லை.

பிறந்தது. அறையில் சத்தமில்லை. எப்போதும் கேட்கிற அந்தச் சத்தத்துக்காக மூன்று பேருடைய காதும் காத்திருந்ததுபோல இருந்தது.

நாச்சியார் தொப்புள்கொடியைக் கட்டி அறுத்தாள். வெந்நீரின் சூட்டை முழங்கையில் ஊற்றிப் பார்த்தாள். குளிப்பாட்டினாள். தலைமுடியில் ஒட்டியிருந்ததைத் துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துணியில் சுற்றினாள். எந்தப் பிள்ளைக்கும் செய்கிற எதையும் அவள் விடவில்லை.

"மகள் பிறந்திருக்கா பூரணம்" என்று சொல்லிக் கையில் கொடுத்தாள்.

பூரணம் துணியை விலக்கிக் காலைப் பார்த்தாள். "அவங்க அப்பா கால்" என்றாள். பிறகு மூடினாள்.

இருளப்பனைக் கூப்பிட்டார்கள். சுண்ணாம்பு பட்டுப் பட்டு அவன் உள்ளங்கை வெடித்துக் காய்த்துப்போயிருந்தது. வாங்குவதற்கு முன் கையை வேட்டியில் துடைத்தான். போதாதென்று மறுபடியும் துடைத்தான். பிறகுதான் நீட்டினான். ஆற்றோரப் புங்கமரத்தடியில் குழி தோண்டி அவனே இறக்கினான்.

மூன்றாம் நாள் பூரணத்துக்குப் பால் சுரந்தது.

ரவிக்கை நனைந்து மேலே ஒட்டிக்கொண்டது. மார்பு கல்லாகக் கட்டி வலித்தது. அங்கம்மாள் கொல்லைச் செடியில் இருந்த மல்லிகையையெல்லாம் பறித்து வந்தாள். பூவை மார்பில் வைத்துத் துணியால் கட்டினால் பால் வற்றும். கட்டுவதற்குள் அவள் விரலும் நனைந்தது. பால் வாடையும் பூ வாடையும் கலந்து அடித்தன. அங்கம்மாளுக்கு அது தெரியாத வாடை.

பூரணம் குனிந்து அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா."

"என்ன தாயி?"

"நாளைக்கு ஊருக்குப் போனா கேட்பாங்க. நான் பெத்தவளா, பெறாதவளா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உலகத்திலேயே தகுதி இல்லாதவள் தான்தான் என்று அங்கம்மாளுக்குத் தோன்றியது. எழுந்து வெளியே போனாள்.

நாச்சியார் ஆற்றுப் படித்துறையில் துணிகளை அலசிப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, அவ கேட்கிறா, தான் பெத்தவளா பெறாதவளான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

நாச்சியார் பிழிந்த துணியை உதறினாள்.

"பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியச் சோறு ஆக்கியாச்சா அக்கா? பூண்டும் மிளகும் போட்டு?"

"ஆக்கலைம்மா. அதைப் பார்த்தா அவ மனசு வெந்துபோகுமேன்னு, கஞ்சி வச்சுக் கொடுத்தேன்."

நாச்சியார் துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"பூண்டு உரிங்க. பெத்த வயிறு, கஞ்சி பத்தாது."