கல்லுக்குக் குனியாத மாப்பிள்ளை

மொட்டைப்பாறை என்று ஓர் ஊர். அங்கே கல் அதிகம், கொள்கை அதைவிட அதிகம். அவ்வூர்ப் பகுத்தறிவு மன்றத்தில் உறுப்பினர் ஐந்து பேர், அணிகள் மூன்று. எந்த அணியிலும் முழுதாகச் சேராத தணிகைக்கு அன்று காலை கல்யாணம்.

"அரைமணியில் விட்டுவிடுகிறேன்" என்று சொல்லித்தான் தலைவர் செம்மலை அவனை அவசரக் கூட்டத்துக்கு இழுத்து வந்திருந்தார். அருணாசலமாகப் பிறந்து செம்மலையாக மாறியவர் அவர். தலைமையகத்திலிருந்து வந்த புதுத் துண்டறிக்கையை நின்றுகொண்டே வாசித்தார். "எந்தக் கல்லுக்கும் தலை குனியாதே!" ஐவரும் கை உயர்த்தி உறுதி எடுத்தார்கள். கைதட்டினார்கள். வாசலுக்கு நடந்தார்கள்.

வாசல் நிலை கருங்கல். உயரம் நெஞ்சளவு.

"தோழரே, குனிந்துதானே உள்ளே வந்தோம்?" என்றான் தணிகை.

"அது அறிக்கைக்கு முன். அறியாமைக் காலம்."

"தவழ்ந்து போனால்?"

"தவழும்போது தலை எங்கே இருக்கும்?"

தணிகை யோசித்தான். "கீழே."

"அது குனிவதைவிடக் கேவலம்."

"மல்லாந்து படுத்து, கால் முதலில் போனால்?" என்றார் பொருளாளர்.

"அப்படிப் போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை, தோழர்."

ஜன்னலில் மணப்பெண் அல்லியின் முகம் தெரிந்தது. கையில் கல்யாண மாலை இரண்டு.

"யோவ்! பந்தல்ல எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. என் அத்தை மகன் சவரம் பண்ணிக்கிட்டு முன்வரிசையில உட்கார்ந்திருக்கான். எங்கப்பா அவனையே பார்த்துக்கிட்டிருக்கார். நானும் மனசைக் கல்லாக்கிக்கிட்டேன், சொல்லிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம்தான் பார்ப்பேன்!"

தணிகைக்கு வேர்த்தது. அப்போது பின்சுவரில் தொம்மென்று ஒரு சத்தம். கூடவே ஜால்ரா.

"யாரது?" என்றார் செம்மலை.

"நேர்வழிச் சாமியார் பஜனைக் கூட்டம். நான் பிச்சாண்டி," என்றது சுவருக்கு அப்பால் ஒரு குரல். "முன்வெச்ச காலைப் பின்வைக்காதேன்னு சாமி வாக்கு. நேரா வந்தோம். உங்க சுவரு குறுக்கே வந்துடுச்சு."

"ஓர் அடி பின்னால் வைத்துச் சுற்றிப் போகக் கூடாதா, மூடர்களே?"

"அதெப்படிங்க முடியும்? ஆமா, நீங்க ஏன் உள்ளேயே நிக்கிறீங்க?"

செம்மலை விளக்கினார். அந்தப் பக்கம் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். இந்தப் பக்கம் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சிரித்து ஓய்ந்ததும், சுவரைத் தள்ளுவது என்று உடன்பாடாயிற்று. இரு தரப்பும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துத் தள்ளியதால் சுவர் அசையவேயில்லை. பொருளாளர் ஒற்றைத் தும்மல் போட்டார். மன்றத்தார் ஐவரும் சட்டென்று கையை எடுத்துவிட்டார்கள். சுவர் உள்ளே விழுந்தது. கையை எடுத்தது ஓய்வுக்காகவே, சகுனத்துக்காக அல்ல என்று அங்கேயே தீர்மானமும் நிறைவேறியது.

பஜனைக் கூட்டம் உள்ளே வந்தது. மன்றம் நிமிர்ந்த தலையோடு வெளியே போனது. அல்லி சுற்றிக்கொண்டு ஓடி வந்து ஒரு மாலையைத் தூக்கினாள். தணிகை பனைமரம். அவள் அவன் நெஞ்சுக்குத்தான் வருவாள்.

"குனி."

குனியப் போனான்.

"நில்!" என்றார் செம்மலை. "அவள் மனசு கல். அவளே சொன்னாள், ஐவரும் சாட்சி."

அல்லி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சரிந்து கிடந்த பெருங்கல் ஒன்றின் மேல் ஏறி நின்று மாலையைப் போட்டாள். அவனும் கிட்டே போய், அவள் நீட்டிய மற்ற மாலையை நிமிர்ந்தபடியே போட்டான். இரு கூட்டமும் கைதட்டின. கல்லுக்கு மூன்று பக்கமும் இடிபாடு. இறங்க வழி தணிகை நின்ற பக்கம்தான்.

"என்னங்க, ஓர் அடி பின்னால போங்க, இறங்கணும்," என்றாள். மாலை விழுந்ததும் 'யோவ்' போய்விட்டிருந்தது.

தணிகை காலைத் தூக்கினான். துண்டறிக்கையின் மறுபக்கத்தைச் செம்மலை அப்போதுதான் திருப்பினார்.

"அசையாதீர் தோழரே! 'ஓர் அடியும் பின்வாங்காதே!'"

"எங்க சாமி வாக்கு!" உள்ளிருந்த பிச்சாண்டி கழுத்தை மட்டும் திருப்பிக் கண்ணீர் விட்டார்.

பந்தி அங்கேயே நடந்தது. அத்தை மகன்தான் பரிமாறினான்.

"இப்ப என்னங்க பண்றது?" என்று அல்லி கல்மேலிருந்தபடி காதோடு கேட்டாள்.

"கவலைப்படாதே," என்றான் தணிகை, ஒற்றைக் காலில் நின்றுகொண்டே. "தூக்கின காலை எங்க வைக்கிறதுன்னு கேட்டுத் தலைமையகத்துக்கு எழுதிப் போட்டிருக்காங்க."