இருபத்தெட்டு ஆணி

குருவைவிடச் சீடருக்கு இருபது வயது அதிகம். கோழி வைத்தியம் கற்க வயது எதற்கு என்று பாவாயி அவரைச் சேர்த்துக்கொண்டார். இரண்டு வருடமாக நாச்சிமுத்து மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் பண்ணை பண்ணையாக நடந்தார்.

கார்த்திகை பிறந்ததும் நாச்சிமுத்துவின் சொந்தக் கோழிகளே சாகத் தொடங்கின. முந்நூற்றில் நூற்றுப்பத்து போய்விட்டது. ஒன்பதாம் நாள் காலை, செத்த கோழி ஒன்றைச் சாக்கில் போட்டுக்கொண்டு குருவின் வாசலில் வந்து நின்றார்.

“விஷம் வச்சுட்டானுங்க அம்மணி.”

“யாருங்க அண்ணா?”

“வேற யாரு? என் தம்பி கருப்பணன்தான். பதினோரு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசினதில்ல. இன்னிக்குக் கோழி. நாளைக்கு எங்க தண்ணித் தொட்டியில கலக்க மாட்டான்னு என்ன நிச்சயம்? நான் குடிச்சுப் பார்த்த பிறகுதான் பேத்திக்கே தண்ணி குடுக்கிறேன்.”



பாவாயி கோழியைப் பலகையில் கிடத்தி அறுத்தார். ஈரல் மஞ்சளாக வெளிறி, விரல் பட்டதும் உதிர்ந்தது. குடலைக் கீறி விரித்தார். உள்தோல் சளி போல வழிந்து வந்தது. அங்கங்கே ரத்தப் பொட்டுகள். தின்ற சோளம் செரிக்காமல் அப்படியே கிடந்தது.

“விஷம்தானுங்களே?”

“விஷம்தாங்க.”

 தான் சொன்னதே சரி என்றதில் நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷம் வரவில்லை.

“ஒரே நாள்ல கொல்றது இல்லீங்க இது. தீவனத்தோட தினமும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு. தீவனம் யாரு கையில?”

“என் கையிலதான். சோளம் இருக்கிற அறைக்கு ரெண்டு பூட்டு. சாவி என் இடுப்பை விட்டு இறங்கினதே இல்ல. பொண்டாட்டியைக்கூட உள்ள விடறதில்லீங்க.”

“அப்புறம் அவரு எந்த வழியா வந்தாருங்க?”

நாச்சிமுத்து இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அவன் வருவானுங்க. அவன் குணம் உங்களுக்குத் தெரியாது.”

இருவரும் அந்த அறைக்குப் போனார்கள். பூட்டுகளைத் திறந்ததும் உள்ளே இருந்து சூடான மக்கல் வாடை முகத்தில் அடித்தது. பட்டப்பகலில் உள்ளே இருட்டு.

“மூட்டைக்குள்ள கையை விடுங்கண்ணா. முழங்கை வரைக்கும்.”

விட்டார். உள்ளே காய்ச்சல்காரன் உடம்பு போலச் சுட்டது. வெடுக்கென்று உருவினார். விரல்களில் பச்சைப் பொடி ஒட்டியிருந்தது.

“மழையில பறிச்ச சோளமுங்களா?”

“ஆமாங்க. போன வருசமும் மழைதான். அப்ப ஒண்ணும் ஆகலியே.”

பாவாயி கிழக்குச் சுவரைப் பார்த்தார். அந்த அறைக்கு இருந்த ஒரே சன்னலைப் பலகைகள் மூடியிருந்தன.

“இது எப்ப அடிச்சது?”

“ஐப்பசியிலங்க. ஒரு நாள் அவன் அங்க நின்னு உள்ள எட்டிப் பார்த்தான். அன்னிக்கே அடிச்சுட்டேன். இருபத்தெட்டு ஆணி.”

சொல்லிவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தார். காலையும் மாலையும் தீவனம் அள்ளிப் போட்ட விரல்கள். வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“காய வச்சுப் போட்டா ஆகாதுங்களா?”

“பூசணம் காயும். அது விட்ட விஷம் காயாதுங்க. அத்தனையும் புதைச்சுடுங்க.”

“மிச்சக் கோழி?”

“இன்னிக்கே நல்ல தீவனம் போடுங்க. குடல் ஆறுற கோழி பிழைக்கும்.”

பாவாயி மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்து அவரிடம் நீட்டினார். முதல் பலகை பெயர்ந்ததும் குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. அடுத்த களத்தில் கருப்பணன் தன் சோளத்தை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தார்.

நாச்சிமுத்து சட்டென்று சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“அம்மணி, இதை மறுபடி அடிச்சுடறேன். மேற்கால பெரிய சன்னலாவே வச்சுக்கிறேனுங்க.”

பாவாயி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“காத்து இந்தப் பக்கமிருந்துதானுங்க வருது, அண்ணா.”